அசிரத்தை என்னும் அபவாதம்

தேர்தல் முடிந்து, எந்தத் தொகுதியில் நூற்றுக்கு எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கு வெளியானதும், பத்திரிகைத் தலையங்கம் முதல் ரயில்பெட்டிச் சம்பாஷணை வரையில் ஒரே விதமான தீர்ப்பு ஒலிக்கத் தொடங்குகிறது: பட்டணத்துக்காரனுக்குப் பொறுப்பில்லை, படித்தவனுக்குச் சிரத்தை இல்லை, வாக்களிப்பதற்காகக் கொடுத்த விடுமுறையை மகாபலிபுரத்துக்குப் போய்க் கழித்துவிட்டு, மறுவாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட வருகிறான், இவனுக்குக் குறை சொல்ல என்ன பாத்தியதை இருக்கிறது? 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தென்சென்னையில் 54.17 சதவீதமும் தருமபுரியில் 81.20 சதவீதமும் வாக்குகள் பதிவானபோது, இந்தத் தீர்ப்புக்குப் புதியதொரு சாட்சியம் கிடைத்துவிட்டதாகவே பலரும் கருதினர். கோபம் மிஞ்சியவர்கள், வாக்களிக்காதவனுடைய ரேஷன் கார்டை ரத்து செய்ய வேண்டும், அபராதம் போட வேண்டும் என்றார்கள். சாத்வீகமானவர்கள், இன்னும் கொஞ்சம் அதிகமாக உபதேசம் செய்ய வேண்டும் என்றார்கள்.

நான் மறுக்க முன்வருவது இந்த இரு சாராரும் பொதுவாக ஒப்புக்கொண்டிருக்கும் அந்த அடிப்படையையே. அதாவது, வாக்களிக்காமை என்பது மனத்தின் நோய், அதற்கு மருந்து உபதேசமோ தண்டனையோதான் என்ற நம்பிக்கையை. இந்த நம்பிக்கை தவறானது என்பதோடு, அது வேறொரு தீங்கையும் செய்திருக்கிறது: நல்லெண்ணமும் ஓய்வு நேரமும் உடைய அநேகம் தொண்டர்களை, செய்ய வேண்டிய வேலையிலிருந்து விலக்கி, கோலப் போட்டி, மனிதச் சங்கிலி, அதிகாலை ஓட்டம், விரல் மையைக் காட்டிப் புகைப்படம் ஆகிய காரியங்களில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கோலம் அழகான கலைதான். வாக்காளர் பட்டியலில் விட்டுப்போன பெயரை அது சேர்த்துத் தருவதில்லை.

முதலில் சதவீதம் என்ற அந்தப் பிரமாணத்தையே எடுத்துக்கொள்வோம். பதிவான வாக்குகளைப் பட்டியலில் உள்ள பெயர்களால் வகுத்து வருவது அது. வகுக்கும் எண்ணில் பிழை இருந்தால் ஈவிலும் பிழை இருக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் பட்டியல் ஆராயப்பட்டு, 2025 டிசம்பரில் வரைவு வெளியானபோது, சுமார் 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடியாகச் சுருங்கின. நீக்கப்பட்ட ஏறத்தாழ 97 லட்சம் பெயர்களில் பெரும்பகுதி, குறிப்பிட்ட முகவரியில் காணப்படாதவர்கள் அல்லது வேறிடம் சென்றவர்கள் என்ற வகையைச் சேர்ந்தது. இறந்தவர்கள் அடுத்த பெரும்பகுதி. இரட்டைப் பதிவுகள் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். சென்னை மாவட்டத்தில் சுமார் 40 லட்சம் பெயர்களில் 14 லட்சத்துக்கு மேல் அந்த வரைவில் இடம்பெறவில்லை. இப்படி நீக்கப்பட்டவர்களில் உயிரோடும் உரிமையோடும் அதே தெருவில் குடியிருந்தவர்களும் இருந்திருக்கக்கூடும். அது தனியே வாதாட வேண்டிய அநியாயம். என் வாதத்துக்கு அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நூற்றுக்கு முப்பத்தைந்து பேரை அவர்கள் முகவரியில் அதிகாரிகளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லப்படும் ஒரு நகரத்தில், அதே பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் வீட்டில் படுத்துத் தூங்கினார்கள் என்று தீர்ப்பெழுதுகிறவர் எந்தக் கண்ணால் அதைப் பார்த்தார்?

தருமபுரிக்கும் தென்சென்னைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் பட்டியல் பிழையால் விளக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, தேர்தலுக்கு முந்திய இரவில் சிறப்புப் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம் செய்து சொந்த ஊருக்குப் போய் வாக்களித்துத் திரும்புகிறவன், ஊரில் கடமை வீரன். சென்னையிலும் அவன் பெயர் ஏதோ ஒரு வாடகை வீட்டு விலாசத்தில் நீக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், இங்கே அவன் சோம்பேறி. ஒரே மனிதன், ஒரே நாள். இரண்டு கணக்குகளில் இரண்டு குணங்கள்!

அசிரத்தை என்ற குற்றச்சாட்டுக்கு நம் நாட்டில் ஒரு நீண்ட வம்சாவளி உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெண்களின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. இந்தியப் பெண்கள் வாக்குரிமையை விரும்பவில்லை, சமூக நிலைமையும் அதற்கு இடங்கொடாது என்ற தோரணையில்தான் வாக்குரிமையைப் பற்றி ஆராய்ந்த சவுத்பரோ கமிட்டி பெண்களுக்கு வாக்குரிமை இப்போதைக்கு வேண்டாம் என்றது. அதற்கு முன்பே, 1917இல், அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் முதலியோர் தோற்றுவித்த இந்திய மாதர் சங்கம், கிளைகளை அமைத்து, பத்திரிகை நடத்தி, சரோஜினி நாயுடுவின் தலைமையில் இந்தியா மந்திரி மாண்டேகுவிடம் தூது சென்று, விரும்பவில்லை என்று சொல்லப்பட்டவர்களின் விருப்பத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டியது. 1921இல் சென்னைச் சட்டசபை, இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, பெண் என்ற காரணத்தால் வாக்குரிமை மறுக்கப்படும் விதியை நீக்கிற்று. சொத்தும் வரியும் உடையவர்களுக்கே வாக்கு என்றிருந்த காலமாகையால் பயன் பெற்ற பெண்கள் சொற்பமே. ஆயினும் ‘அவர்களுக்கு அக்கறை இல்லை’ என்ற வாதம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு அது முதல் நிரூபணம்.

இரண்டாவது நிரூபணம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. 1951-52 பொதுத் தேர்தலுக்காகப் பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களின் பெயர்களைத் திரட்டியபோது, வட மாநிலங்களில் பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரை அந்நிய ஆடவரிடம் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிவு செய்துகொண்டார்கள். அப்படிப் பதிவானவற்றைத் திருத்த அவகாசம் கொடுத்தும் சரியாகாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளை, முதலாவது தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து எடுத்துவிட உத்தரவிட்டார். அந்த 28 லட்சம் பேர் வாக்களிக்கவில்லை, வாக்களிக்க முடியவில்லை. அடுத்த தேர்தலுக்குள் பெயர் கேட்கும் முறை சீர்பட்டது, நிலைமையும் மாறிற்று. ஆயினும் 1962இல் வாக்காளர்களாக இருந்த பெண்களில் நூற்றுக்கு 47 பேர்கூட வாக்களிக்கவில்லை. ஆண்களில் 63 பேர் வாக்களித்தார்கள். 2024இல் பெண்களின் சதவீதம் 65.78, ஆண்களுடையது 65.55. இந்த அறுபது வருஷங்களில் பெண்களின் சுபாவம் தலைகீழாகிவிட்டதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாறியவை, பெயர், விலாசம், வாக்குச்சாவடியின் தூரம், சேர்ந்து போவதற்குத் துணை ஆகிய வெளிப்படையான சௌகரியங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியின் உதவியோடு முதன்முதல் தொடங்கப்பட்ட மாவட்டம் எது என்று கேட்டால், தருமபுரி என்பது விடை. அதற்கும் 81.20க்கும் நடுவே நேர்க்கோடு கிழித்துவிடும் தைரியம் எனக்கில்லை; ஆனால் வாரம் ஒருமுறை கூடிக் கணக்கெழுதி, பாங்கிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் சேர்ந்து போய்ப் பழகிய பெண்கள், வாக்குச்சாவடிக்கும் சேர்ந்து போவார்கள் என்பதில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

அந்நிய நாட்டு உதாரணம் ஒன்றைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏனென்றால் அசிரத்தை என்ற அபவாதத்தை உபதேசமே இல்லாமல் உடைத்துக் காட்டியவர்கள் அவர்கள். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அருகில் ஜான்ஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே வசித்த கறுப்பின மக்களில் மிகச் சிலரே 1950களில் வாக்காளராகப் பதிவாகியிருந்தனர். அவர்களுக்கு அரசியலில் நாட்டமில்லை என்பது வெள்ளை அதிகாரிகளின் நிச்சயமான அபிப்பிராயம். உண்மை வேறு. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமானால், மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை அதிகாரியின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்; பள்ளிக்கூடத்துப் படிப்பு எட்டாமல் வயலிலும் வெள்ளையர் வீடுகளிலும் உழைத்துத் தீர்ந்தவர்களுக்கு அது மலையைப் புரட்டுவதற்குச் சமானம். தீவிலிருந்து நகரத்துக்குத் தொழிலாளர்களைத் தம் பஸ்ஸில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்த ஈசா ஜென்கின்ஸ் என்பவர், வழியிலேயே பயணிகளுக்கு அந்தச் சட்டப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வாசிக்கத் தெரியாமல் மனப்பாடம் செய்தால் போதாது என்று தெரிந்தபோது, டென்னஸியில் இருந்த ஹைலாண்டர் பொதுஜனப் பள்ளியின் உதவியை நாடினார். அங்கே செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை இருந்தார். கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை விட்டுவிட மறுத்ததற்காக 1956இல் சார்ல்ஸ்டன் பள்ளி வேலையை இழந்தவர்.

இவர்கள் 1957 ஜனவரியில் தொடங்கிய வகுப்பு எங்கே நடந்தது என்பதும், யார் நடத்தினார் என்பதும் கவனிக்கத் தக்கவை. தீவு மக்கள் கூட்டுறவாக நடத்திய ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் அது நடந்தது. முன்னால் கடை இருந்ததால் வெள்ளையரின் சந்தேகம் எழவில்லை. நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். தொழிலால் சிகையலங்காரம் செய்கிறவர், ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாதவர். ஆசிரியத் தோரணை இல்லாத ஒருவரே வேண்டும் என்றுதான் அவரைத் தேடிப் பிடித்தார்கள். வந்தவர்களிடம் அவர் ஜனநாயகத்தின் மாண்பைப் பிரசங்கம் செய்யவில்லை. உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பெயரை எழுத வேண்டும், தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் கடிதத்தை வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவமும் தபாலில் சாமான் தருவிக்கும் படிவமும் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவற்றைக் கற்பித்துக்கொண்டே வாக்காளர் பதிவுப் படிவத்தையும் கற்பித்தார். முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். நாட்டமில்லாதவர்கள் என்று கருதப்பட்ட அந்தப் பாமரர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் வந்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு பதிவலுவலகத்தின் வாசலில் போய் நின்றார்கள். இந்தக் குடிமைப் பள்ளிகள் பக்கத்துத் தீவுகளுக்குப் பரவி, 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் ஸ்தாபனத்தின் பொறுப்பில் தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் சென்றன. மிசிசிப்பியில் 1962 வாக்கில் தகுதியுள்ள கறுப்பர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு, இரண்டு வருஷங்களில், அது ஏறக்குறைய அறுபதாயிற்று. சட்டம்தான் அதைச் செய்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கும், வந்தபின் ஏட்டில் கிடந்துவிடாமல் படிவமாக நிரம்புவதற்கும் பின்னறை வகுப்புகளில் உட்கார்ந்தவர்களே காரணம்.

ஆராய்ச்சிப் பிரமாணம் வேண்டுமென்பவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 1998இல் நியூ ஹேவன் நகரத்தில், யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இருவர், சுமார் முப்பதாயிரம் வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை நேரில் சென்று அழைக்கவும், சிலருக்குத் தபால் அனுப்பவும், சிலரிடம் தொலைபேசியில் பேசவும் ஏற்பாடு செய்து, பிறகு யார் யார் வாக்களித்தார்கள் என்று அரசாங்கப் பதிவேட்டைப் பார்த்தார்கள். நேரில் சந்திக்கப்பட்டவர்களிடையே வாக்களிப்பு எட்டு ஒன்பது சதவீதப் புள்ளி உயர்ந்திருந்தது; தபாலுக்குக் கிடைத்த பலன் அற்பம்; தொலைபேசிக்குப் பலனே தென்படவில்லை. தொலைபேசியைப் பற்றிப் பின்னால் அறிஞர்களுக்குள் தர்க்கம் நடந்தது. ஒரு மனிதர் இன்னொரு மனிதர் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு ஈடான சாதனம் வேறில்லை என்பது மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நம் அரசியல் கட்சிகளுக்கு யேல் சர்வகலாசாலை தேவைப்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வட்டச் செயலாளரிடமோ கிளைச் செயலாளரிடமோ பாகம் வாரியாக அச்சிட்ட வாக்காளர் பட்டியல் இருக்கிறது; எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் வெளியூர், யார் படுத்த படுக்கை, மத்தியானத்துக்குள் யார் இன்னும் வரவில்லை என்பதெல்லாம் பூத் ஏஜெண்டின் பென்சில் குறிகளில் இருக்கிறது. ஏழை ஜனங்கள் காசுக்காகத்தான் ஓட்டுப் போடுகிறார்கள், படித்தவன் வெறுப்பினால் ஒதுங்குகிறான் என்று ஒரு வியாக்கியானமும் உலவுகிறது. காசு நடமாடுவது பொய்யல்ல, 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதன் பொருட்டே நிறுத்தப்பட்டன. ஆனால் குடிசைப் பகுதிக்கு ஒவ்வொரு தேர்தலிலும் நாலு கட்சிக்காரர்கள் பட்டியலோடு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி அதே நாலு பேரையும் வாயிற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறான். இந்த வித்தியாசத்தை ஆராயாமல், ஒருவனுக்குப் பேராசையையும் மற்றவனுக்கு அருவருப்பையும் காரணமாகக் கற்பிப்பது, மேல்மாடியில் இருந்துகொண்டு எழுதப்படும் சமூக சாஸ்திரம்.

இனி, பட்டணத்து வாக்காளருக்கும் வாக்குச்சாவடிக்கும் நடுவே என்னதான் நிற்கிறது என்று பார்ப்போம். அடையாள அட்டை இருந்தால் வாக்களிக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. அட்டை வெறும் அடையாளம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் பெயரைக் காணாமல், வாக்குச்சாவடி வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் காணலாம். மாலையில் வெளியாகும் கணக்கில் அவர்களும் அசிரத்தைக்காரர்களாகவே கருதப்படுவார்கள். வீடு மாறியவர் படிவம் 8 கொடுக்க வேண்டும். வேட்புமனுத் தாக்கலுக்குரிய கடைசி நாளோடு பட்டியலில் சேர்க்கும் கதவு மூடிவிடும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீட்டுக்கு வீடு தாவுகிற வாடகைக் குடித்தனக்காரருக்கு இந்த இரண்டும் தெரிவதற்குள் தேர்தல் வந்துவிடும். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து சர்க்காரே பெயர்த்துக் கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றிய குடும்பங்களின் சாமான்களை லாரி ஏற்றிச் சென்றது. பட்டியலில் உள்ள பெயரை எந்த லாரியும் ஏற்றிச் செல்லாது. 85 வயது கடந்த முதியவர்களும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்ற வசதி வந்திருக்கிறது. அதற்குரிய 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். ஐந்து நாட்கள்! நடக்க முடியாதவருக்கு! கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று 1951ஆம் வருஷச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. கொடுக்காத முதலாளிக்கு விதிக்கக்கூடிய அபராதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படாது. 2022இன் இறுதியில் தேர்தல் ஆணையமே, ஊர் விட்டு ஊர் போனவர்களின் பிரச்சினையைச் சுட்டிக்காட்டி, தொலைவிலிருந்து வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றை முன்வைத்தது, கட்சிகள் ஆட்சேபித்தன, காரியம் அதோடு நின்றது.

இவற்றில் எது மனத்தின் நோய்? எதற்கு உபதேசம் மருந்து?

இதனால்தான், தொண்டர் குழுக்களை மதிப்பிடும்போது அவர்கள் எவ்வளவு கூட்டம் சேர்த்தார்கள் என்பதைவிட எத்தனை படிவம் நிரப்பினார்கள் என்று கேட்க வேண்டும் என்கிறேன். பெங்களூரில் 2001இல் தொடங்கிய ஜனாக்ரஹா ஸ்தாபனத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 2008இல் அது ஒரு தேயிலைக் கம்பெனியோடு சேர்ந்து ‘ஜாகோ ரே’ என்ற பிரசாரத்தை நடத்தியது. வாக்களிக்காதவன் விழித்திருந்தும் தூங்குகிறவன் என்பது அந்த விளம்பரங்களின் சாரம். அந்தப் பிரசாரத்திலேயே உருப்படியாக இருந்த அம்சம் வாக்காளராகப் பதிந்துகொள்வதற்கு அது செய்து கொடுத்த உதவிதான். பின்னாட்களில் அதே ஸ்தாபனம், நகரங்களின் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சென்று ஒப்பிட்டுப் பிழை கணக்கிடும் வேலையில் இறங்கியது. தூங்குகிறான் என்று சொல்லத் தொடங்கியவர்கள், கட்டில் யாருடையது என்று விசாரிக்கப் புறப்பட்டதை நான் முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையில் குடிமக்கள் எங்கே போய்விடுகிறார்கள் என்ற கேள்வியும் அசிரத்தைவாதிகளுக்குப் பிரியமானது. அவர்களுக்கு ஒரு பதில் கேள்வி. 1688இல் ஸ்தாபிக்கப்பட்டது, இந்தியாவிலேயே பழமையானது என்று நாம் பெருமை பேசும் சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். இருபத்துமூன்று வருஷங்கள்! அந்த இடைவெளியின் தொடக்கத்தில் பிறந்த குழந்தை, தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் உண்டு என்பதைக் கேள்விப்படாமலே வாக்காளனாகியிருக்கும். மறுபடியும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. அதில் சென்னையில் நூற்றுக்கு 44 பேர்கூட வாக்களிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் மாநகராட்சிக்குத் தேர்தல் நடத்தாமல் இருந்தவர்களின் சிரத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? கிராமங்களில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று கிராம சபை கூடும் நாட்கள் எத்தனையோ வருஷங்களாக ஜனங்களுக்குத் தெரிந்திருக்கின்றன. 2022இல் இன்னும் இரண்டு நாட்கள் சேர்க்கப்பட்டன. நகரத்துக்கு வார்டு கமிட்டியும் பகுதி சபையும் விதிகளாக வந்ததே அந்த 2022இல்தான். கூடுவதற்கு ஒரு சபையே இல்லாதவர்களைக் கூடவில்லை என்று குறை சொல்வதில் என்ன நியாயம்? தன்னாட்சி போன்ற தொண்டர் அமைப்புகள் கிராம சபையில் என்ன கேட்கலாம், வரவு செலவை எப்படிப் பார்ப்பது, தீர்மானத்தை எப்படி எழுதிவைப்பது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்து வருவது, தேர்தல் நாளன்று நடக்கும் நூறு ஊர்வலங்களைவிட மேலான காரியம். தன் தெருவின் மழைநீர் வடிகாலைப் பற்றி ஒருமுறை சபையில் எழுந்து பேசி, அதற்கு எழுத்துமூலமாகப் பதிலும் பெற்றவன், வாக்களிக்க வா என்று அழைப்பதற்காகக் காத்திருக்க மாட்டான்.

கட்டாய வாக்களிப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 1922இல் அறுபதுக்குக் கீழே இருந்த சதவீதம், 1924இல் சட்டம் வந்தபின் அடுத்த தேர்தலிலேயே தொண்ணூற்றைத் தாண்டியது என்பார்கள். அங்கே தேர்தல் சனிக்கிழமையில் நடக்கிறது என்பதையும், எந்தத் தொகுதியிலிருந்தும் வாக்களிக்க வகைகள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள். குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு இப்படியொரு சட்டம் செய்து, 2014இல் கவர்னரின் ஒப்புதலும் பெற்றார்கள். 2015இல் ஹைகோர்ட் அதை நிறுத்திவைத்தது. அதே வருஷத்தில் சட்டக் கமிஷனும் தன் 255ஆவது அறிக்கையில் கட்டாயம் வேண்டாம் என்றது. பட்டியலில் பெயரைச் சரியாக வைக்கத் தெரியாத நிர்வாகம், பெயர் இருந்தும் வராதவனுக்கு அபராதம் போடத் தொடங்கினால், முதலில் அபராத நோட்டீஸ் போவது இறந்தவர்களின் வீட்டுக்குத்தான்.

ஒரு ஆட்சேபணை மட்டும் பதிலுக்குரியது. தொண்டர் குழு என்ற போர்வையில் கட்சிக்காரர்கள் வருவார்கள்; அல்லது வசதி படைத்தவர்கள் தங்கள் அடுக்குமாடிகளுக்கு மட்டுமே தொண்டு செய்துகொள்வார்கள் என்கிறார்கள். இரண்டும் நடப்பதுண்டு, இரண்டாவது அதிகமாகவே நடக்கிறது. நலச் சங்கத்தின் கூட்டத்துக்கு வீட்டுச் சொந்தக்காரர்களே வருகிறார்கள்; வாடகைக்கு இருப்பவரும், அந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்களும், வாசலில் நிற்கும் காவலாளியும், கட்டிட வேலைக்கு வந்தவரும் அந்தச் சங்கத்தின் கண்ணில் படுவதில்லை; படிவம் மிகவும் தேவைப்படுகிறவர்கள் இவர்களே. ஆனால் இதற்குப் பரிகாரம் சுலபம்: யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு பாகத்தின் எல்லா வீட்டுக்கும் வரிசையாகப் போகிற குழு, தன் பட்சபாதத்தை வெகுநாள் மறைக்க முடியாது. வாக்களிக்க விருப்பமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. யாரையும் பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய 2013இல் சுப்ரீம் கோர்ட் நோட்டாவுக்கு வழி செய்து கொடுத்தது; அதையும் வேண்டாமென்று வீட்டில் இருப்பவருக்கு, குழாயில் தண்ணீர் கேட்கும் உரிமை போய்விடாது. வரி கொடுப்பவரும், கொடுக்க வகையில்லாதவரும், வாக்களித்தவரும், அளிக்காதவரும் ஒரே தெருவில்தான் வசிக்கிறார்கள்.

ஆகவே நலச் சங்கத்தாருக்கும், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், வாசகசாலைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தேர்தல் வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். உங்கள் தெரு அடங்கிய பாகத்தின் பட்டியலை எடுங்கள். ஏறத்தாழ ஆயிரம் பெயர் இருக்கும். நாலு பேர் சேர்ந்தால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். இல்லாதவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இருந்தும் விடுபட்டவருக்குப் படிவம் 6, இடம் மாறியவருக்குப் படிவம் 8. நிரப்பியவற்றை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுங்கள். அவர் பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார், உங்கள் உதவி அவருக்கு உபத்திரவமாக இராது. பதினெட்டு வயது நிரம்புகிறவர்களுக்கு இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என்று வருஷத்தில் நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. படிவத்துக்குக் கட்டணம் கிடையாது.